தகரத்தில் ஒரு கிரேட் பிரிட்டன்

1

நான் கட்டியவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களும் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள்.

காங்கேசன்துறையில் இரண்டு தகரத் தடுப்போடு தொடங்கிப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடமாக்கிய இரும்புப் பட்டறை, நான் கட்டியது. கடற்காற்றுக்கு மூன்று தரம் சரிந்த தண்ணீர்த் தாங்கியை நாலாம் தரம் நிமிர்த்தியவன் நான். கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர் ஒருவர், "இதை இனி உருக்கத்தான் வேண்டும்" என்று கைகழுவிப் போன கொதிகலன் இரண்டு கிழமையில், பதினாலே நாளில், நீராவி விட்டது. விடவைத்தது இந்தக் கைதான். திருத்திக் கடலில் விட்ட மீன்பிடி லாஞ்சுகளை நான் எண்ணி வைக்கவில்லை. இத்தனைக்கும் நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஐந்தாம் வகுப்புக்குப் போன முதல் நாளே வாத்தியார் சிலேட்டு கேட்டார். அது வாங்க வழியில்லை. அடுத்த நாள் சம்மட்டி பிடித்தேன்.

ஒரு மகனையும் எஞ்சினியர் ஆக்கினேன். அதையும் வரிசையில் சேர்க்கிறேன்.

கடைசியாக, அறுபத்தைந்து வயதில், மெல்பேண் நகரத்தில், கார் நிறுத்தும் கொட்டிலுக்குள் இருந்து ஒரு கப்பல் செய்தேன். என் ஒரு கையை நீட்டினால் தோளிலிருந்து விரல் நுனிவரை எவ்வளவோ அவ்வளவு நீளம். இந்தக் கடைசிச் சாமானைப் பற்றித்தான் எழுதுகிறேன். முன்னே சொன்னவற்றை யார் செய்தது என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. இதற்கு மட்டும் அந்தக் கேள்வி வந்துவிட்டது.

2

இந்த மாதத்தோடு நான் ஆஸ்திரேலியாவுக்கு வந்து ஐந்து வருஷம். மனைவி போன பிறகு மகன் ரவீந்திரன் கூப்பிட்டான், வந்தேன். வெரிபீ பக்கம் போகும் ரயில் பாதையை ஒட்டி வீடு. காலையில் ஏழரைக்கு மகனும் மருமகளும் வேலைக்குப் போவார்கள், எட்டரைக்குப் பேத்தி பள்ளிக்கூடத்துக்கு நடப்பாள். அதற்குப் பிறகு நாலு மணி வரைக்கும் வீட்டில் ஓடுவது குளிர்ப்பெட்டி மட்டும்தான். அதுவும் விட்டுவிட்டுத்தான் ஓடும்.

ஊரில் நான் சத்தக்காரன் என்று பெயர். பட்டறையில் சத்தம் போட்டால் கடற்கரையில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். இங்கே சத்தம் போட ஆளில்லை. முதல் வருஷம் வேலியைத் திருத்தினேன், கதவுகளின் பிணைச்சல்களுக்கு எண்ணெய் விட்டேன், குசினியில் பாத்திரம் கழுவும் குழாய்களைக் கழற்றிப் பூட்டினேன். பழுதாகாத குழாய்களையும் கழற்றினேன். இரண்டாம் வருஷம் கழற்ற ஒன்றும் இருக்கவில்லை.

ஹென்றி என்று ஒரு மனிதர் மூன்றாவது தெருவில் இருக்கிறார். கொழும்புப் பறங்கி, வெள்ளைக்காரக் கலப்புப் பரம்பரை. அந்தக் காலத்தில் வடக்கு ரயிலில் கார்ட் வேலை பார்த்தவர், நம் தமிழ் நன்றாகப் பேசுவார். காங்கேசன்துறை ஸ்டேஷனில் என் பட்டறைச் சத்தத்தைக் கேட்டிருப்பதாகச் சொன்னார். பொய்யாகவும் இருக்கலாம், ஆனாலும் அன்றைக்கே சிநேகிதராகிவிட்டோம். வியாழக்கிழமைகளில் அவரோடு எங்கள் பகுதி நூலகத்துக்குப் போவேன். அவர் வாசிப்பார், நான் படம் பார்ப்பேன்.

அங்கே பொறுப்பாக இருப்பவர் டோரத்தி அம்மையார். ஒரு நாள் அவர் ஹென்றியிடம் சொன்னதை ஹென்றி எனக்குச் சொன்னார்: இந்தப் பகுதிக்கு இங்கிலாந்திலிருந்து முதல் குடிகள் வந்த கதையைச் சொல்ல நூலகத்தில் ஒரு மேசை வைக்கப் போகிறார்களாம். அவர்களைக் கொண்டுவந்த கப்பலின் உரு ஒன்று வேண்டுமாம். கடையில் விற்கிற பிளாஸ்டிக் சாமான் அம்மையாருக்குப் பிடிக்கவில்லையாம்.

"நான் செய்வன் எண்டு சொல்லும்," என்றேன்.

"மச்சான், இது அகப்பை இல்லை. கப்பல்."

"சொல்லும் ஐசே."

அவர் சொன்னார். அம்மையார் என்னைப் பார்த்துச் சிரித்து, "தாங்க் யூ, மிஸ்டர் கந்தையா" என்றார். கந்தையா என் தகப்பனார், நான் சிவபாதம். நம் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னுக்கு நிற்கும், கூப்பிடுகிற பெயர் பின்னுக்கு. இங்கே விசாவில் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதிவிட்டார்கள். அதனால் வங்கியில், ஆஸ்பத்திரியில், நூலகத்தில், எங்கேயும் நான் கந்தையா. அவர் தென்னந்தோட்டத்துக்கு அப்பால் போகாத மனிதர். நான் அவரை மெல்பேண் முழுக்கக் கூட்டித் திரிகிறேன்.

3

கப்பலின் பெயர் கிரேட் பிரிட்டன். ஒரு நாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். செய்தவனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று பாருங்கள்.

ஹென்றி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொட்டிலுக்குள் கதிரையில் இருப்பார். நான் தகரம் வெட்டிக்கொண்டே கேட்பேன்.

"அத்திலாந்திக் கடலிலை இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஆக்கள் கொண்டுபோகச் செய்தது. உடம்பு முழுக்க இரும்பு. பின்னாலை புறொப்பெல்லர். உலகத்திலை அப்ப இதைவிடப் பெரிய கப்பல் இல்லையாம்."

"ஆக்கள் ஏறினவையோ?"

"முதல் பயணத்திலை கொஞ்சப் பேர்தானாம்."

"ஏறமாட்டினம். இரும்பு மிதக்குமெண்டு ஆர் நம்புவினம்? செய்தவனுக்கு மட்டும்தான் தெரியும்."

இரண்டாம் வருஷமே மாலுமி வழி பிசகி அயர்லாந்துக் கரையில் மணலில் ஏற்றிவிட்டான். கிட்டத்தட்ட ஒரு வருஷம் அலை அடிக்க அடிக்க அங்கேயே கிடந்தது. மரக்கப்பல் என்றால் அந்தக் கரைச் சனங்கள் இரண்டு மாரிகாலத்துக்கு விறகு எரித்திருப்பார்கள். இது இரும்பு. கிடந்தது, இழுத்தெடுத்தார்கள். ஆனால் கப்பல் பிழைத்தது, முதலாளிமார் பிழைக்கவில்லை. வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள்.

வாங்கியவர்கள் அதைத் திருத்தி மெல்பேணுக்கு ஓட்டினார்கள். அப்போது இங்கே தங்கம் எடுக்கிறார்கள் என்று சனம் அள்ளுப்பட்டு வந்த காலம். இருபது வருஷத்துக்கு மேலாகச் சனத்தைக் கொண்டுவந்து கொட்டியது அந்தக் கப்பல். இங்கிலாந்திலிருந்து முதன்முதல் கிரிக்கெட் விளையாட வந்தவர்களும் அதில்தான் வந்தார்களாம். இதைச் சொல்லும்போது ஹென்றி புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தான் கொழும்பில் ஆடிய ஆட்டங்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினார். அன்றைக்கு நான் நாலு தகடுதான் ஒட்டினேன்.

பிறகு கப்பலுக்கு வயது போனது. புதிய கப்பல்கள் வந்தன. எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டு வெறும் பாயில் ஓட்டி நிலக்கரி ஏற்றினார்கள்.

"நிற்பாட்டும்," என்றேன். ஈயம் உருக்கும் இரும்பு கையில் ஆறிப்போயிருந்தது. "எஞ்சினைக் கழட்டிப்போட்டு ஓட்டினவையோ?"

"ஓம் மச்சான்."

"அதுக்குப் பிறகும் கப்பல் எண்டுதான் சொன்னவையோ?"

"பேர் கப்பல்தான். வேலை வேறை." ஹென்றி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் ரயில் கார்ட் எண்டுதான் சொல்லுறனான். இங்கை வந்து சப்பாத்துக் கடையிலை பெட்டி அடுக்கினனான்."

நான் ஆறிப்போன இரும்பைத் திரும்பச் சூடாக்கினேன்.

மிச்சத்தை அடுத்த வியாழன் கேட்டேன். தென் அமெரிக்காவின் அடி நுனியில் புயலில் அடிபட்டு, போக்லண்ட் என்ற தீவில் ஒதுங்கி, அங்கே நிலக்கரி போட்டு வைக்கும் கிடங்காக வருஷக்கணக்கில் நின்றது. கிடங்குக்கும் உதவாமல் போனதும் ஒரு மூலைக்கு இழுத்துப்போய் அடியில் துளை போட்டு இருத்திவிட்டார்கள். அங்கே முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் ஆண்டுதான் அதை மிதவை ஒன்றின் மேல் ஏற்றி, இங்கிலாந்தில் அது பிறந்த ஊருக்கே, செய்த அதே கப்பல் கட்டும் தொட்டிக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். கரை முழுக்கச் சனமாம்.

ஒன்று சொல்லவேண்டும். தூக்குவதற்கு முன் அதன் உடம்பில் ஆள் புகுகிற அளவு வெடிப்பு இருந்தது. அதை அடைக்கப் பழைய மெத்தைகளைச் சேர்த்துத் திணித்தார்களாம். ஹென்றி இதை வாசித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். நடுக்கடலில் ஓட்டையான லாஞ்சுக்குச் சாக்கும் தாரும் திணித்துக் கரைசேர்த்தவன் நான். அந்த வெள்ளைக்காரர்களை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரே பட்டறையில் வேலை செய்தவர்கள்போல இருந்தது.

"பாத்தியா, கடைசியிலை ஊருக்குக் கொண்டுபோட்டினம்," என்றார் ஹென்றி.

"ஓடவோ கொண்டுபோனவை? காசுக்கு ரிக்கற் வித்துக் காட்டக் கொண்டுபோனவை," என்றேன்.

4

மரத்தில் செதுக்கிச் சாயம் பூசியிருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். அது பொம்மை. அந்தக் கப்பலை இரும்புத் தகட்டின் மேல் தகடு ஏற்றிச் செய்திருந்தார்கள், மீன் செதில்போல. நானும் அப்படித்தான் செய்தேன். எண்ணெய்த் தகரப் பேணி, பிஸ்கட் பேணி, தெருவில் கிடந்த பெயின்ற் வாளி எல்லாவற்றையும் வெட்டி, ஒவ்வொரு தகட்டையும் முழங்காலில் வைத்து வளைத்துப் பற்றவைத்தேன். வரைபடம் வைக்கவில்லை. நூலில் முடிச்சுப் போட்டு அளந்தேன். ஒன்பது மாதம் பிடித்தது.

ஒரு பிழை விட்டதையும் சொல்கிறேன், பிறகு ஹென்றி சொல்லித் திரிவார். புத்தகத்தின் முதல் படத்தில் ஆறு பாய்மரம் இருந்தது, நானும் ஆறு நட்டேன். கயிறெல்லாம் கட்டி முடித்த பிறகு ஹென்றி கடைசிப் பக்கங்களை வாசித்து, மெல்பேணுக்கு ஓடிய காலத்தில் அவற்றைக் குறைத்து மூன்றாக்கிவிட்டார்கள் என்றார். மூன்றைப் பிடுங்கினேன். கயிற்றை முழுக்க அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். ஹென்றிக்கு இரண்டு கிழமை தேநீர் கொடுக்கவில்லை.

முடிந்ததும் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி இறக்கினேன். இடப்பக்கம் சரிந்தது. அடியில் ஈயத்துண்டு வைத்துச் சரிசெய்ததும் நேராக நின்றது. பேத்தி கைதட்டி, "அப்பப்பா, இட் ஃப்ளோட்ஸ்" என்றாள். அன்றைக்கு மகன் வேலையால் வந்து குளிக்கப் போனவன் அப்படியே திரும்பி வந்தான்.

"அப்பா, தொட்டி முழுக்க எண்ணெய்."

"கப்பல் மிதக்குதோ எண்டு பாத்தாயோ?"

"பாத்தனான். எனக்கு நாளைக்குக் காலமை மீற்றிங் இருக்கு."

அவன் கப்பலைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான்.

5

நூலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அன்பளிப்புச் செய்பவர் நிரப்பவேண்டியது. நான் நிரப்புவது என்றால் ஒரு கிழமை வேண்டும், அதனால் மகனிடம் கொடுத்தேன். அவன் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினான்.

"அப்பா, தொழில் எண்டு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட? ஒண்டுமில்லை எண்டோ?"

"நீ வடிவாப் பாத்துப் போடு," என்றேன். நான் அப்போது கப்பலுக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கப்பலையும் பொட்டில்லாமல் வெளியே விடுவதில்லை.

அவன் அன்பளிப்புச் செய்பவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு, தன் தொழிலைப் போட்டு, கையெழுத்தும் வைத்துவிட்டான். வேலையிடத்துத் தொலைபேசி கேட்டிருந்தார்களாம், எனக்கு அது இல்லையாம். அவன் இங்கே ரவி சிவபாதம். என் பெயர் அவனுக்குக் குடும்பப் பெயர்.

அடுத்த நாள் ஹென்றியின் காரில் கப்பலைக் கொண்டுபோனேன். டோரத்தி அம்மையார் வாயில் கைவைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஹென்றி காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார், மொழிபெயர்க்க ஆளில்லை. செய்தவன் நான்தான் என்று நெஞ்சைத் தட்டி எனக்குத் தெரிந்த இங்கிலீசில் இரண்டு தரம் சொன்னேன்: "சிவபாதம் மேட். ஆல் சிவபாதம் மேட்."

அம்மையார் படிவத்தைப் பார்த்தார். அதில் சிவபாதம் என்று இருந்தது. முன்னால் நின்றவரோ மிஸ்டர் கந்தையா. முன்பு ஹென்றி சொன்னதையும், நான் ஆள் பிடித்துச் செய்விப்பேன் என்றுதான் அவர் விளங்கியிருந்தாராம். செய்தவர் வேறொருவர், இந்தக் கிழவர் தூக்கிக்கொண்டு வந்தவர் என்று எடுத்துக்கொண்டார். குழியை நானே வெட்டி, நெஞ்சைத் தட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறேன்.

6

போன சனிக்கிழமை திறப்பு. கோட்டு போட்டுப் போனேன். மகனின் நகரசபை வேலையில் அவனுக்கு மேலதிகாரி, பெரிய எஞ்சினியர், அவரும் வந்திருந்தார். துணியை எடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பல் நின்றது. பொட்டை யாரோ அழுக்கு என்று துடைத்திருந்தார்கள். கைதட்டினார்கள். நான் தேநீர் மேசைப் பக்கம் நின்றேன், கூப்பிடுவார்கள் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

கூப்பிட்டது மகனை. பெரிய எஞ்சினியர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார், தோளில் தட்டினார். ஏதோ சொன்னார். என் மகன் சிரித்தான். படம் எடுத்தார்கள். நான் பெட்டிக்குக் கிட்டப் போய், அதன் கீழே இருந்த அட்டையை ஹென்றியை வாசிக்கச் சொன்னேன். அவர் தேநீர் குடிப்போம் என்று என் கையைப் பிடித்தார்.

"வாசியும்."

"மச்சான், 'செய்து அன்பளித்தவர், எஞ்சினியர் ரவி சிவபாதம்' எண்டு போட்டிருக்கு."

திரும்பிப் போகும்போது காருக்குள் மகன்தான் முதலில் பேசினான்.

"அவையள் பிழையாப் போட்டிட்டினம் அப்பா."

"அவையள் போட்டதை நான் கேக்கேல்லை. அந்த மனுசன் உன்னட்டை என்ன சொன்னவர்?"

"உன்னட்டை இப்பிடியொரு கை இருக்கெண்டு எனக்குத் தெரியாது எண்டவர்."

"'இது என்ரை அப்பாவின்ரை கை' எண்டு சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"சொல்லத்தான் வாய் எடுத்தனான். அதுக்குள்ளை படம் எடுக்க நிண்டிட்டினம். பிறகு சொன்னால் என்ன நினைப்பினம்?"

"என்ன நினைப்பினம்?"

அவன் கியரை மாற்றினான். மருமகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பேத்தி நித்திரை.

அட்டையில் விட்ட பிழைக்கு நான் கோபப்படவில்லை. அது கடதாசி. அவன் சிரித்துக்கொண்டு நின்றானே, அந்த நேரத்தை என்னால் விழுங்க முடியவில்லை. எதற்குமே என்னிடம் ஒன்றும் கேட்டு வராத பிள்ளை, என் கையை மட்டும் கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டான்.

7

செவ்வாய்க்கிழமை தனியாக நூலகத்துக்குப் போனேன். ஹென்றியைக் கூப்பிடவில்லை, இதை நானே சொல்லவேண்டும். என் கடவுச்சீட்டைக் கொண்டுபோய்த் திறந்து, கந்தையா சிவபாதம் என்ற இடத்தில் விரல் வைத்து, பிறகு என் கை இரண்டையும் விரித்துக் காட்டினேன். ஈயம் தெறித்த புண்கள் இன்னும் இருந்தன. அம்மையார் கெட்டிக்காரி. இரண்டு நிமிஷத்தில் விளங்கிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார், எனக்குத் தேநீரும் தந்தார்.

ஆனால் படிவத்தை எடுத்து, கையெழுத்தைத் தொட்டும் கடிதம் எழுதுவதுபோல் காட்டியும் விளங்கப்படுத்தினார். கையெழுத்து வைத்தவர் மகன். அட்டையை மாற்றுவதென்றால் கையெழுத்து வைத்தவரே கடிதம் தரவேண்டும். அதுதான் அங்கே ஒழுங்கு. செய்தவன் வந்து நின்றாலும் போதாது.

அன்று பின்னேரம் மகனிடம் கேட்டேன். அவன் கோபிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"அப்பா, அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வுக்கு நேர்முகம். அந்தப் பெரிய எஞ்சினியர்தான் இருப்பார். இப்ப போய் அது நான் செய்யேல்லை எண்டால், நான் அண்டைக்குப் பொய்க்கு நிண்டனான் எண்டு ஆகும். நேர்முகம் முடியட்டும். கடிதம் தாறன்."

"முடிஞ்ச பிறகு சொன்னால் பொய் இல்லையோ?"

அவன் கையைப் பிசைந்தான். "அதிலை இருக்கிறது உங்கடை பேர்தானே அப்பா. சிவபாதம்."

"அது உன்ரை பேர். இங்கை என்ரை பேர் கந்தையா. நீங்கள் எல்லாரும் சேர்ந்துதானே அப்பிடி ஆக்கினீங்கள்?"

பிறகு, ஊர்ப் பத்திரிகைக்கு இதை எழுதப் போகிறேன் என்று சொன்னேன். தடுப்பான் என்று நினைத்தேன். அவன் ஆறுதலாக மூச்சு விட்டான்.

"எழுதுங்கோ. அதை இங்கை ஆர் வாசிக்கப் போயினம்?"

நான் சொல்லச் சொல்ல ஹென்றியின் தெருவில் இருக்கும் சாவகச்சேரிப் பிள்ளை ஒருத்தி இதை எழுதித் தந்தாள். எழுத்து அவளுடையது, சொல் என்னுடையது. பாருங்கள், அதைச் சொல்ல அரை வரிதான் பிடித்தது.

பத்திரிகை ஆசிரியருக்கும் வாசிக்கிற உங்களுக்கும் என் கோரிக்கை இது. மகனின் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. படிவத்தை அவன்தான் நிரப்பினான். குண்டு குண்டான எழுத்து, ஒரு வெட்டுக்கொத்து இல்லை. அதற்குரிய பங்கை அவனுக்குக் கொடுங்கள். ஆனால் அதற்கு மேலே, பெரிய எழுத்தில், மெல்பேணில் இருக்கும் கிரேட் பிரிட்டன் கப்பலின் ஒவ்வொரு தகட்டையும் வெட்டி வளைத்துப் பற்றவைத்தவர் கந்தையா சிவபாதம் என்று போடுங்கள். அடுத்த மாதம்வரை வைத்திருக்க வேண்டாம், இந்த இதழிலேயே போடுங்கள். அச்சான பிரதியை வெட்டிக்கொண்டுபோய் அம்மையாரிடம் கொடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்வேன். தமிழ் அவருக்கு வாசிக்கத் தெரியாது. தெரியாவிட்டாலும் ஒட்டுவார்.

பிரதியைத் தபாலில் அனுப்பும்போது உறையின் மேல் என் பெயரை முழுதாக எழுதுங்கள். வெறும் சிவபாதம் என்று எழுதினால் மகன் தனக்கு வந்தது என்று உடைத்துவிடுவான்.